மலையேற்றமும் வலுக்குறையும்
நுவரெலியா - அற்றன் பிரதேச எஞ்சின் வரலாற்றில் குறையறிதல் பற்றிய ஒரு நோக்கு

மலையகத்தின் வரலாறு பேசப்படும் இடங்களிலெல்லாம் குடிப்பெயர்வு, கங்காணி முறை, துண்டு, லயம், தொழிற்சங்கம், குடியுரிமை ஆகியன முதன்மை பெறுவது இயல்பே. அவற்றின் முதன்மையை எவரும் மறுத்தல் இயலாது. ஆயினும் ஒரு சமுதாயம் எத்தகைய வலுவைக் கொண்டு உற்பத்தி செய்தது, அவ்வலு குறைந்தபோது காரணத்தை எவ்வாறு தேடியது, தேடிக் கண்டதை யார் மீது சுமத்தியது என்னும் வினாக்களும் வரலாற்று வினாக்களே. உற்பத்திச் சாதனங்களின் வரலாற்றை உற்பத்தி உறவுகளின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் தகாது என்பதை நாம் நன்கறிவோம். அவ்வறிவை ஒரு சிறிய களத்தில் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் களம், சுப்பர்சார்ஜர் என வழங்கும் மிகையேற்றி பூட்டிய மோட்டார் வண்டி மலைநாட்டில் ஏறும்பொழுது தோன்றும் வலுக்குறையும், அக்குறையைக் கண்டறியும் முறையுமாகும். பொறியியலாளருக்கும் பந்தயக்காரருக்குமே உரியதாகத் தோன்றும் இப்பொருளுக்கு மலையகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. கருவி காட்டும் எண்ணுக்கும் உண்மைக் காரணத்துக்கும் இடையேயுள்ள தொலைவை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1. உயரமும் வளியும்

கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 76 சதமமீற்றர் இரச நிரலுக்குச் சமமானது. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள அற்றனில் அது 65 சதமமீற்றரளவுக்கு இறங்குகின்றது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 61 சதமமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கின்றது. அஃதாவது கொழும்பின் அமுக்கத்தில் நூற்றுக்கு 80 வீதமே நுவரெலியாவிற் கிடைக்கின்றது. மலைநாட்டின் குளிர் இவ்விழப்பில் ஒரு சிறு பகுதியை ஈடுசெய்கிறது. குளிர்ந்த வளி செறிவானதாகையால், கொழும்பின் 27 பாகை வெப்பத்தையும் நுவரெலியாவின் 16 பாகை வெப்பத்தையும் கணக்கிற் கொண்டால் செறிவிழப்பு ஏறத்தாழ 17 வீதமாகும்.

உள்ளெரி எஞ்சினின் உணவு பெற்றோலும் வளியும் சேர்ந்த கலவை. உருளையினுள் புகும் வளியின் திணிவே எரிக்கக்கூடிய எரிபொருளின் அளவை வரையறுக்கின்றது. ஆகவே கொழும்பில் 100 பரிவலு தரும் எஞ்சின் நுவரெலியாவில் ஏறத்தாழ 80 முதல் 83 பரிவலுவே தரும். அந்த எஞ்சினில் எந்த உறுப்பும் பழுதடையவில்லை. சாரதி எந்தத் தவறும் செய்யவில்லை. மலை தன் பங்கை எடுத்துக்கொண்டது; அவ்வளவே.

வளி ஐதாவதால் வேறு இரு விளைவுகளும் உண்டாகின்றன. முதலாவது, பழைய காபுரேற்றர் வளியின் திணிவை அளந்து எரிபொருளை விடுவதில்லையாகையால், ஐதான வளியில் கலவை தேவைக்கு மேல் செறிவடைகின்றது. கொழும்பில் சரியாக அமைத்த காபுரேற்றர் நுவரெலியாவில் ஏறத்தாழ 10 வீதம் மிகுதியாக எரிபொருளைக் கலக்கும். கரும்புகையும் கரிபடிந்த பிளக்கும் இதன் அடையாளங்கள். இரண்டாவது, நுவரெலியாவில் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால், றம்பொடைக் கணவாய் வழியாக ஏறிவரும் பழைய வண்டியின் றேடியேற்றர் கடல் மட்டத்திற் கொதிப்பதற்கு முன்னதாகவே கொதிக்கும்.

2. றோதையும் நீராவியும்

இவ்வளவும் இயற்கை விதியாயின், மலைநாட்டுத் தோட்டத்துறை தன் தொடக்கத்திலேயே இதனை உணர்ந்திருக்க வேண்டாமா என்னும் வினா எழலாம். உணர வேண்டிய தேவை அதற்கு நேரவில்லை. அதற்குத் தெளிவான காரணம் உண்டு.

1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பெருந்தோட்டப் பயிராயிற்று. அக்காலத்துத் தொழிற்சாலைகளில் முதலில் உழைத்தவை மனித உடலும் மலையருவியின் நீருமே. நீர்ச்சில்லின் வலு நீரின் அளவையும் அது விழும் உயரத்தையும் பொறுத்தது. வளியின் செறிவு அதனைத் தீண்டுவதில்லை. பின்னர் வந்த நீராவி எஞ்சினும் அவ்வாறே. கொதிகலத்தின் அமுக்கமே அதனை இயக்குகின்றது. எதிர்நின்று தடுக்கும் வெளிவளி மலையில் ஐதாக இருப்பது, நீராவியை வெளியே விட்டுவிடும் எஞ்சினுக்குச் சிறிது நன்மையாகவும் அமைந்தது. 1884 இல் அற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்த புகைவண்டிப் பாதை 44 அடிக்கு 1 அடி ஏறும் சரிவைக் கொண்டது. அச்சரிவில் நீராவி எஞ்சினை வருத்தியவை ஏற்றமும் வளைவும் ஈரத் தண்டவாளத்தின் வழுக்கலுமேயன்றி வளியின் ஐதன்று.

எனவே நீருக்கும் நீராவிக்கும் உரிய காலம், உயரம் வலுவைத் தின்னாத காலமாகும். அக்காலத்தில் வலு குறைந்தால் காரணம் கண்முன்னே நின்றது: ஓடை வற்றியிருக்கும், விறகு ஈரமாயிருக்கும், வார்ப்பட்டி வழுக்கியிருக்கும்.

இக்காலத்தின் அறிவுமரபு ஒன்று மக்கள் வழக்கில் எஞ்சியுள்ளது. தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்று வழங்கும் தோட்ட மக்கள், அதன் பெருஞ்சில்லையும் இயந்திரத்தையும் போர்த்துக்கேயச் சொல்வழி 'றோதை' என்றனர். றோதை முனி என்னும் காவல் தெய்வத்தையும் அங்கே நிறுவினர். இயந்திரம் கையையும் உயிரையும் பறிக்கவல்லது என்னும் பட்டறிவும், அதன் ஓட்டம் தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்னும் உணர்வும் இவ்வழிபாட்டிற் கலந்துள்ளன. இதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. ஆனால் இயந்திரத்தின் அருகே நின்று உழைத்தவன், அதன் ஓசை மாறுவதையும் நடுக்கம் கூடுவதையும் நாளும் கவனித்தவன், தன் அறிவைப் பதிவு செய்ய வேறு ஏடு அவனுக்கு இருக்கவில்லை என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

3. உள்ளெரி எஞ்சின் கொணர்ந்த புதிய குறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க தசாப்தங்களில் எண்ணெய் எஞ்சின்கள் தொழிற்சாலைகளிலும், மோட்டார் வண்டிகளும் லொறிகளும் தோட்டப் பாதைகளிலும் இடம்பெற்றன. இவற்றுடன் ஒரு புதிய குறையும் மலையேறியது. கடல் மட்டத்துக்கு அண்மையிலுள்ள ஆலைகளில் அளந்து எஞ்சினின் மேற்பொறித்த பரிவலு, மலைநாட்டில் உண்மையன்று. 50 பரிவலு எனப் பொறிக்கப்பட்ட எஞ்சின், மிகையேற்றி இல்லாதவிடத்து, நுவரெலியாவில் ஏறத்தாழ 40 பரிவலுவே தரும்.

அற்றன் இத்துறையில் ஒரு முக்கிய நிலையம். பிரவுன் கம்பனி 1875 இல் ஒரு பொறியியல் நிறுவனமாக அற்றனிலேயே தொடங்கப்பட்டது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் பழுதுபார்ப்பும் மலைநாட்டு நகரங்களில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தன. தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் இத்தொழிலிற் கலந்து நின்றனர். கையாளாகச் சேர்ந்து, சாவி எடுத்துக் கொடுத்து, கண்ணாலும் காதாலும் கற்றுத் தேர்வதே இங்கு கல்வியாயிருந்தது.

4. வளியைத் திணிக்கும் கருவி

உயரம் பறித்த வளியை மீண்டும் உருளையினுள் திணித்தல் கூடுமா? இவ்வினாவுக்கான விடையே மிகையேற்றி. அதன் வரலாறு எஞ்சின் வரலாற்றை விடச் சற்றே வேறு வழியில் தொடங்குகின்றது. 1860 இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர் இரு சுழலிகள் கொண்ட ஊதியொன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். உலைகளுக்குக் காற்றூதவும் சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் தரவும் அது பயன்பட்டது. 1885 இல் கொட்லீப் டைம்லர், எஞ்சினுக்குள் வளியை அமுக்கிச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1905 இல் அல்பிரட் பூக்கி என்னும் சுவிஸ் பொறியியலாளர், வெளியேறும் புகையின் சத்தியைக் கொண்டே ஊதியைச் சுழற்றும் முறையைக் காப்புரிமைப்படுத்தினார். இன்று ரேர்போ என வழங்குவது இதன் வழித்தோன்றலே.

இக்கருவிக்குத் தேயிலையோடு ஓர் உறவு உண்டு என்பது மலையக ஆய்வாளர் கவனத்துக்குரியது. 1864 இல் கச்சார்ப் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த சாமுவேல் டேவிட்சன், தேயிலை உலர்த்தும் இயந்திரங்களை வகுத்து, 1881 இல் பெல்பாஸ்ற் நகரில் சிறொக்கோ ஆலையை நிறுவினார். அவருடைய உலர்த்திகள் இலங்கைத் தொழிற்சாலைகளிலும் பெருவழக்காயின. 1898 இல் அவர் காப்புரிமை பெற்ற மையநீக்க விசிறி, கப்பல்களிலும் சுரங்கங்களிலும் உலகெங்கும் இடம்பெற்றது. இவ்விசிறி குறைந்த அமுக்கத்தில் பெருமளவு காற்றைச் செலுத்துவது. மிகையேற்றியோ உயர்ந்த அமுக்கத்தை வேண்டுவது. ஆயினும் சுழலும் அலகுகளால் வளியை வெளிநோக்கி எறிந்து செலுத்தும் தத்துவம் மையநீக்க மிகையேற்றிக்கும் பொதுவானதே. காற்று குறைந்தால் தேயிலை வேகாமலும் கருகியும் கெடும் என்பதை உலர்த்தியருகே நின்ற தொழிலாளி அறிவான். வடிகட்டியில் தூசு அடைந்ததா, வார்ப்பட்டி தளர்ந்ததா, குழாயிற் கசிவா என அவன் தேடிய ஒழுங்கே பின்னாளில் மிகையேற்றிக்கும் உரிய ஒழுங்காயிற்று.

உயரத்துக்கும் மிகையேற்றிக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியதும் ஒரு மலையே. 1918 இல் சான்போர்ட் மொஸ் என்னும் பொறியியலாளர், லிபேர்ட்டி என்னும் விமான எஞ்சினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரத்துக்கு, லொறியில் ஏற்றிச் சென்று சோதித்தார். தாழ்நிலத்தில் 350 பரிவலு தந்த அவ்வெஞ்சின் உச்சியில் 230 மாத்திரமே தந்தது. ரேர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. மலையைப் பரிசோதனைச்சாலையாக்கிய இச்சோதனையின் சிறப்பு, அதே எஞ்சினை மூன்று நிலைகளில் அளந்தமையே. ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாறாது வைத்தல் என்னும் நெறி இங்கு பேணப்பட்டது.

1921 இல் பேர்லின் கண்காட்சியில் மேர்சிடிஸ் நிறுவனம் மிகையேற்றி பூட்டிய வண்டிகளைக் காட்சிக்கு வைத்தது. 1923 இல் மொன்சாவில் நடைபெற்ற பெரும்பரிசுப் பந்தயத்தில் பியற் வண்டி அக்கருவியுடன் வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் மிகையேற்றியின்றி முதன்மைப் பந்தயங்களை வெல்லுதல் அரிதாயிற்று.

5. மாகஸ்தோட்டை, 1934

மாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934 இல் தொடங்கியது. நுவரெலியா நகரையடுத்த அத்தேயிலைத் தோட்டத்தின் வளைந்தேறும் பாதையில் வண்டிகள் ஒவ்வொன்றாக விடப்பட்டு, ஏறி முடிக்கும் நேரம் அளக்கப்படும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நுவரெலியா வசந்தகாலத்தின் ஓர் அங்கமாக அது நிலைபெற்றது. நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்லையிலும் பிற்காலத்தில் இத்தகைய ஓட்டம் நிகழ்ந்து வந்துள்ளது. அதே 1934 இல்தான் ஐரோப்பியப் பந்தயக் களத்தில் மேர்சிடிஸ், ஓட்டோ யூனியன் நிறுவனங்களின் மிகையேற்றி வண்டிகள் புதிய விதிகளின் கீழ் அறிமுகமாயின. அண்மைக் காலங்களில் லான்சர் எவலூசன், சுபாரு இம்பிரெசா போன்ற ரேர்போ வண்டிகள் மலைநாட்டு ஓட்டங்களில் முன்னணியில் நின்றுள்ளன.

1934 என்னும் ஆண்டை அதன் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்தது. 1933 இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 1927 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியே நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி இம்மந்த காலத்தில் வெட்டப்பட்டது. கோ. நடேசையர் அற்றனைத் தளமாகக் கொண்டு 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்துப் போராடிய காலமும் இதுவே. வேகத்தை அளக்கும் கடிகாரம் தோட்டப் பாதையில் வைக்கப்பட்ட அதே காலத்தில், அப்பாதையை மலையிற் குடைந்து அமைத்த உழைப்பின் விலை சதக்கணக்கிற் குறைக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது வரலாற்றாசிரியன் கடன்.

எனினும் மலையேற்ற ஓட்டத்தைச் சீமான்களின் பொழுதுபோக்கென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அறிவியல் நோக்கில் அது ஒரு சிறந்த ஒப்பீட்டுக் களம். ஒரே பாதை, ஒரே நாள், ஒரே வளி; மாறுவது வண்டியும் ஓட்டுநனுமே. கொழும்பில் அளந்த எண்ணை மலையில் அளந்த எண்ணோடு ஒப்பிடும் தவறுக்கு அங்கு இடமில்லை.

6. குறையறியும் முறை

மிகையேற்றி வண்டியொன்று கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வருகின்றது எனக் கொள்வோம். அதன் மிகையேற்றி எஞ்சினோடு வார்ப்பட்டியாற் பிணைக்கப்பட்டு, வெளிவளியின் அமுக்கத்தை 1.6 மடங்காக்குவது. கொழும்பில் அதன் அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 9 இறாத்தல் காட்டும். நுவரெலியாவில் அதே எஞ்சின் வேகத்தில் 7 இறாத்தலே காட்டும். 2 இறாத்தல் எங்கே போயிற்று?

சாதாரண அமுக்கமானி, குழாயினுள் உள்ள அமுக்கத்துக்கும் வெளிவளியின் அமுக்கத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே காட்டுகின்றது. அதன் சுழியம் என்பது தான் நிற்கும் இடத்தின் வளி. மலையில் அச்சுழியமே கீழிறங்கிவிடுகின்றது. மிகையேற்றி பெருக்குவது தனக்குக் கிடைக்கும் வளியைத்தான். கிடைப்பது 80 வீதமாயின் மிகுதியும் 80 வீதமே. ஆகவே 7 என்பது இவ்வண்டிக்கு நுவரெலியாவில் நலத்தின் அடையாளம்.

இதனை உணராத பழுதுபார்ப்பவன் என்ன செய்வான்? மிகையேற்றியின் கப்பியைச் சிறிதாக்கி, அதனை விரைந்து சுழலச் செய்து, 9 இறாத்தலை மீட்பான். நுவரெலியாவில் வண்டி நன்றாகவே ஏறும். அவ்வண்டி கொழும்புக்கு இறங்கும்போது அமுக்கமானி 11 இறாத்தல் காட்டும். அமுக்கப்படும் வளி சூடேறுவது இயற்கை. 1.6 மடங்கு அமுக்கத்துக்கே கோட்பாட்டளவில் 40 பாகைக்கு மேல் வெப்பம் கூடும். ரூட்ஸ் வகை ஊதியில் உண்மை வெப்பம் இதனினும் கணிசமாக மிகும். மிகை அமுக்கமும் மிகை வெப்பமும் சேர்ந்து கலவையை முறைகெட்டு வெடிக்கச் செய்யும்; முசலம் உருகும். மலையிற் செய்த தவறான நோயறிதல் சமவெளியிற் கொல்லும்.

இவ்வாறே எஞ்சினின் உருளையமுக்கச் சோதனையிலும் மயக்கம் நேரும். 150 இறாத்தல் எனக் கையேடு கூறும் எஞ்சின் நுவரெலியாவில் 120 இறாத்தலளவே காட்டும். கையேட்டை மட்டும் நம்புபவன் நல்ல வளையங்களைக் கழற்றி எறிவான். உருளைகள் யாவும் ஒரேயளவு குறைந்து காட்டினால் அது மலையின் குறை. ஒன்று மட்டும் தனித்துக் குறைந்தால் அது எஞ்சினின் குறை.

ஆகவே தேடலுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலாவது, மலையின் பங்கைக் கணித்துக் கழித்தல். இரண்டாவது, வளி செல்லும் வழியே சென்று நோக்குதல்: வடிகட்டி அடைத்துள்ளதா, வார்ப்பட்டி தளர்ந்து பளபளப்பேறி வழுக்குகின்றதா, மிகையேற்றிக்குப் பின்னுள்ள குழாய் மூட்டுகளிற் கசிவுண்டா, வளியைத் திருப்பிவிடும் மாற்றுவழி வால்வு மூடாமல் நிற்கின்றதா, புகைபோக்கி அடைத்துள்ளதா என்பன. சவர்க்கார நீர் தடவிய மூட்டிற் குமிழி எழுந்தால் கசிவு வெளிப்படும். இச்சிறு சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வார்ப்பட்டி வழுக்குமாயின் எஞ்சின் வேகம் கூடக்கூட அமுக்கம் ஏறாமல் நின்றுவிடும் அல்லது இறங்கும். கசிவாயின் எல்லா வேகத்திலும் அமுக்கம் தாழும். மூன்றாவது, அமுக்கம் சரியாக இருந்தும் வலு குறைந்தால் எரிபொருளையும் தீப்பொறியையும் நோக்குதல். நான்காவது, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல். மூன்றை ஒருங்கே மாற்றி வண்டி சரியாயிற்றென்றால், எது குறையென்று எவருக்கும் தெரியாது.

ரேர்போ வண்டிகளில் நிலை சற்றே வேறு. அவற்றின் கட்டுப்பாட்டு வால்வு பெரும்பாலும் வெளிவளியைச் சார்ந்தே அமுக்கத்தை வரையறுப்பதால், சுழலி கூடுதலாகச் சுழன்று, மலையிலும் கொழும்பில் காட்டிய எண்ணையே அமுக்கமானி காட்டக்கூடும். அங்கே எண் மாறாதிருந்தும் மொத்த வளி குறைந்திருக்கும். முன்னைய வண்டியில் நலம் நோய்போற் தோன்றியது. இங்கே குறை நலம்போற் தோன்றுகின்றது.

மலைநாட்டில் ஊதி பூட்டிய எஞ்சின் பந்தய வண்டியோடு நின்றுவிடவில்லை. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம் 2 வகை டீசல் புகைவண்டி எஞ்சின்கள், ஒன்ராறியோ, அல்பேர்ட்டா முதலிய மாகாணப் பெயர்கள் தாங்கி மலைநாட்டுப் பாதையில் ஓடின. அவற்றின் ஈரடிப்பு எஞ்சின்களில் ரூட்ஸ் வகை ஊதி உண்டு. எரிந்த புகையை வெளியேற்றிப் புதுவளியை நிரப்புவதே அங்கு அதன் முதற்பணி. இத்தகைய ஊதியின் ஓசையைக் கேட்டே அதன் நலத்தை மதிக்கும் அறிவு தொழிலாளரிடையே கைமாறி வந்தது. பந்தயத்தில் வென்றவர் பெயரை ஏடுகள் குறித்தன. அவ்வெற்றிக்குக் காரணமான செவியறிவு ஏடேறவில்லை.

7. குறை யார் மீது?

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. குறைவு என்பது ஓர் எண். குறை என்பது ஒரு தீர்ப்பு. எண்ணிலிருந்து தீர்ப்புக்குச் செல்லும் வழியில் இடம், வளி, கருவி, மனிதன் ஆகியோரின் பங்குகளைப் பிரித்தறிதல் வேண்டும். எஞ்சின் பொருட்டு இவ்வொழுங்கு கற்பிக்கப்பட்ட அதே மலையில், மனிதர் பொருட்டு அது பேணப்பட்டதா?

தோட்டத்தில் ஒருநாட் கூலி 'பேர்' எனப்படும். குறித்த இறாத்தல் கொழுந்து நிறுவையில் விழாவிடின் 'அரைப்பேர்' போடுதல் நெடுங்கால வழக்கு. கொழுந்தின் அளவு மழையைப் பொறுத்தது. வரட்சியையும் பனியையும் பொறுத்தது. செடியின் வயதையும், உரமிட்ட காலத்தையும், கவ்வாத்து வெட்டி எத்தனை நாளாயிற்று என்பதையும், மலைச்சரிவின் கடுமையையும் பொறுத்தது. இவை யாவும் கொழுந்து பறிப்பவளின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை. ஆயினும் தராசு காட்டும் குறைவு முழுவதும் அவள் கணக்கிலேயே எழுதப்படுகின்றது. தராசின் சுழியம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்னும் வினாவை எழுப்பும் உரிமை அவளுக்கு இல்லை. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையிற் கழிக்கப்படுவதும் இதனோடு சேர்ந்ததே.

காலனித்துவ முதலாளியம் இத்தீர்ப்பை ஒரு கொள்கையாகவே வளர்த்தது. மலேசிய அறிஞர் சையது உசைன் அலத்தாஸ் 1977 இல் வெளியிட்ட நூலில், சுதேசி சோம்பேறி என்னும் கருத்து மலாய், பிலிப்பைன்ஸ், யாவா ஆகிய நாடுகளில் எவ்வாறு உருவாக்கப்பட்டுச் சுரண்டலுக்குத் துணையாயிற்று என்பதை ஆராய்ந்தார். நமது தோட்டங்களிலும் விளைச்சல் குறைந்தபோது தொழிலாளியின் உழைப்பூக்கமே முதலிற் சந்தேகிக்கப்பட்டது. எஞ்சினுக்கு உயரத்தைக் கழித்துக் கணக்கிட்ட அறிவு, மனிதருக்கு மழையையும் மண்ணையும் கழித்துக் கணக்கிட முன்வரவில்லை.

இது கடந்தகாலச் செய்தி மாத்திரமன்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 2021 இல் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, எத்தனை கிலோ கொழுந்துக்கு அக்கூலி என்பதே தோட்டந்தோறும் பூசலாயிற்று. உற்பத்தித்திறன் என்னும் சொல் இன்று முகாமையின் முதற்சொல். அச்சொல்லால் அளக்கப்படும் குறைவில் முதிர்ந்த செடியின் பங்கெவ்வளவு, மீள்நடுகை செய்யாமையின் பங்கெவ்வளவு, தேய்ந்த மண்ணின் பங்கெவ்வளவு, காலநிலையின் பங்கெவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கடமை முகாமைக்கு உண்டு. அப்பிரிப்பைச் செய்யாது தொழிலாளியின் கையை நோக்குதல், மலையின் வளியைக் கணியாது கப்பியை மாற்றுவதற்கு ஒப்பாகும். சிறிய கப்பி எஞ்சினை விரட்டுவதுபோலக் கூட்டிய கிலோ உடலை விரட்டும். அன்றைய நிறுவை நிறைவேறும்; உடலோ பின்னர் விலை கொடுக்கும்.

8. முடிவுரை

மலையகத்தில் வலுவின் வரலாற்றை நாம் நான்கு நிலைகளாக வகுத்துக் கண்டோம்: உடலும் நீரும், நீராவி, உள்ளெரி எஞ்சின், வளியைத் திணிக்கும் மிகையேற்றி. முதலிரு நிலைகளிலும் உயரம் இயந்திரத்தின் வலுவைப் பறிக்கவில்லை. மூன்றாவது நிலையில் அது கண்ணுக்குத் தெரியாத குறையாயிற்று. நான்காவது நிலையில் அக்குறையை ஈடுசெய்ய முயன்றபோது, கருவியின் எண்ணை இடத்தோடு பொருத்திப் படிக்கும் அறிவு இன்றியமையாததாயிற்று. அவ்வறிவைச் சுமந்தவர்கள் கராஜிலும் ஸ்டோரிலும் புகைவண்டிப் பட்டறையிலும் உழைத்தவர்கள்.

இவர்களுள் முதியோர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களது சொற்களையும், சோதனை முறைகளையும், ஓசைகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களையும் திரட்டுதல் மலையக ஆய்வின் அவசரப் பணிகளுள் ஒன்றாகும். நாட்டார் பாடலைத் திரட்டிய அதே ஆர்வத்துடன் பட்டறை அறிவையும் நம் மாணவர் திரட்டுதல் வேண்டும். தொழிலாளி பாடியதை மட்டும் பதிந்து அவன் அறிந்ததைப் பதியாது விடுவோமாயின், அவனைப் பற்றிய நம் அறிவு குறையுடையதாகவே இருக்கும்.

9 இறாத்தல் 7 ஆனபோது எஞ்சினைப் பழிக்குமுன் மலையைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பது பட்டறையின் முதற்பாடம். கொழுந்தின் நிறுவை குறைந்தபோதும் அப்பாடத்தைக் கைக்கொள்ளும் நாளை உருவாக்குவது, ஆய்வாளரும் தொழிற்சங்கத்தாரும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும்.